ஒருவர் ரத்தம் இன்னொருவர் ரிப்போர்ட்டில் கலக்காமல்: ஆட்டோ அனலைசர் உருவான விதம்

லேப் ரிப்போர்ட்டில் சர்க்கரை 112, யூரியா 28, கிரியாட்டினின் 0.9 என்று வரிசையாக எண்கள் இருக்கும். நடுத்தர அளவிலோ அதற்கு மேலோ உள்ள லேப் என்றால் இந்த எண்களை எந்த மனிதரும் கணக்குப் போட்டு எழுதியிருக்க மாட்டார். குழாயில் ஒட்டிய பார்கோடைப் படித்து, ரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிந்த நீரான சீரத்தைத் துளி துளியாக எடுத்து, சோதனைக் கரைசல் கலந்து, அளந்து, கம்ப்யூட்டருக்கு அனுப்பியது வரை எல்லாம் ஆட்டோ அனலைசர் என்ற எந்திரத்தின் வேலை. ‘ஃபுல்லி ஆட்டோமேட்டட்’ என்று லேப் வாசலில் பெரிதாக எழுதி வைத்திருப்பது இதைத்தான்.

இப்படி ஓர் எந்திரம் என்றதும் ரோபோ கை, கம்ப்யூட்டர் என்றுதான் மனம் போகும். ஆனால் 1957-இல் விற்பனைக்கு வந்த முதல் எந்திரத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. ரோபோ கை என்று சொல்லும்படியும் ஒன்றும் இல்லை. அதைச் சாத்தியமாக்கியது பிளாஸ்டிக் குழாய்க்குள் ஓடிய காற்றுக்குமிழி. அது ஏன் தேவைப்பட்டது என்று புரிந்துவிட்டால், பிறகு வந்த எந்திரங்கள் எல்லாம் எதைத் தீர்க்கப் போராடின என்பதும் புரிந்துவிடும். என் கணக்கில் இந்த வரலாறு முழுக்க இரண்டே கவலைகள்: ஒருவரின் ரத்தம் அடுத்தவரின் முடிவில் கலந்துவிடக் கூடாது, எல்லோருடைய ரத்தமும் ஒரே மாதிரி நடத்தப்பட வேண்டும்.

அளப்பது நிறத்தைத்தான்

முதலில் ஓர் அடிப்படை. ரத்தத்தில் உள்ள சர்க்கரையை நேரடியாக எண்ண முடியாது. அதனால் சர்க்கரையோடு மட்டும் வினைபுரிந்து நிறம் தரும் ஒரு கரைசலைச் சேர்க்கிறார்கள். லேபில் அதை ரீஏஜென்ட் என்பார்கள். சர்க்கரை அதிகம் என்றால் நிறம் அடர்த்தியாக வரும், குறைவு என்றால் வெளிறி இருக்கும். அதன் வழியே ஒளியைச் செலுத்தி, எவ்வளவு ஒளியை அது விழுங்கியது என்று அளந்தால் சர்க்கரையின் அளவு தெரிந்துவிடும்.

இன்றும் சின்ன லேப்களில் ‘செமி ஆட்டோ’ எந்திரம் இருக்கிறது. அங்கே இந்த வேலையைக் கண்ணாலேயே பார்க்கலாம். டெக்னீசியன் ஒரு டெஸ்ட் டியூபில் 1000 மைக்ரோலிட்டர் ரீஏஜென்ட் விடுகிறார். அதில் 10 மைக்ரோலிட்டர் சீரம், அதாவது ஒரு சிறு துளியை விடவும் குறைவு. 37 டிகிரியில் சில நிமிடம் வைக்கிறார். தெளிந்த நீர் போல இருந்தது மெல்ல இளஞ்சிவப்பாகிறது. குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி சர்க்கரையைப் பிடித்து ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாக்க, பெராக்சிடேஸ் என்ற இன்னொரு நொதி அதைக்கொண்டு சாயத்தை உருவாக்குகிறது. அப்புறம் எந்திரம் அந்தத் திரவத்தை உறிஞ்சி, பச்சை ஒளியில் படிக்கிறது. டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் சர்க்கரை உள்ள தரக்கரைசல் விழுங்கிய ஒளியின் அளவு 0.30 என்று காட்டி, நோயாளியின் சீரம் 0.45 என்று காட்டினால் அவருடைய சர்க்கரை 150. இவ்வளவுதான் கணக்கு.

கவனியுங்கள், இதில் எந்திரம் செய்தது கடைசிப் படியை மட்டும். அளந்து ஊற்றியது, கலக்கியது, நேரம் பார்த்தது எல்லாம் மனிதர். ‘செமி’ என்பதன் பொருள் அதுதான்.

கை செய்த வேலை

நூறு ஆண்டுக்கு முன் இதுவே பெரும்பாடு. ஹார்வர்டில் ஓட்டோ ஃபோலினும் ஷியென் வூவும் 1919-இல் ஒரே ரத்த மாதிரியிலிருந்து பல பொருள்களை அளக்க ஒரு முறையை வகுத்தார்கள். உலகம் முழுக்க அது பரவியது. முதலில் டங்ஸ்டிக் அமிலம் சேர்த்து ரத்தத்தின் புரதங்களைத் திரிய வைக்க வேண்டும். அவை இருந்தால் கலங்கலாகி நிறத்தைப் படிக்க முடியாது. பிறகு வடிகட்ட வேண்டும். தெளிந்த வடிநீரில் காரமான செம்புக் கரைசல் சேர்த்துக் கொதிநீரில் வைக்க வேண்டும். ஆற வைத்து இன்னொரு அமிலம் சேர்த்தால் நீல நிறம் வரும். அந்த நீலத்தைத் தரக்கரைசலின் நீலத்தோடு கண்ணால் ஒப்பிட்டு, இரண்டும் ஒரே அடர்த்தியில் தெரியும்வரை திருகைத் திருப்ப வேண்டும். ஒளிமின் கருவிகள் 1930களில் வந்த பிறகுதான் கண்ணுக்கு ஓய்வு. திரவத்தை அளந்தெடுக்கும் பிப்பெட் குழாயை வாயில் வைத்து உறிஞ்சுவதும் அந்தக் காலத்தில் சாதாரணம்.

ஒரு சோதனையில் இத்தனை படிகள். ஒவ்வொரு படியிலும் கை சற்று மாறினால் எண் மாறும். 1947-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில லேப்களுக்கு ஒரே கரைசலை அனுப்பி அளக்கச் சொன்னார்கள் பெல்க், சண்டர்மன் என்ற இரு மருத்துவர்கள். வந்த பதில்கள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகி நின்றன. அதே காலத்தில் மருத்துவர்கள் கேட்கும் சோதனைகளின் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போனது.

கிளீவ்லேண்டின் குமிழி

லியோனார்ட் ஸ்கெக்ஸ் அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தின் கிளீவ்லேண்ட் நகரில், முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் உயிர்வேதியியலாளர். 1950களின் தொடக்கத்தில் தன் வீட்டு அடித்தள அறையில் ஓர் எந்திரத்தைக் கட்ட ஆரம்பித்தார். மனிதர் டியூபில் ஊற்றுவதைப் போலவே ஊற்றும் இயந்திரக் கையைச் செய்யலாம் என்று வேறு சிலர் யோசித்திருக்கலாம். ஸ்கெக்ஸ் டியூபையே தூக்கிவிட்டார். எல்லாமே குழாய்க்குள் ஓடிக்கொண்டே நடக்கட்டும் என்றார்.

ஓடும் குழாயில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. திரவம் குழாய்க்குள் போகும்போது நடுப்பகுதி வேகமாகவும் சுவரோரம் மெதுவாகவும் நகரும். சுவரில் ஒட்டியது பின்தங்கி, அடுத்து வரும் மாதிரியோடு கலக்கும். லேபில் இதற்கு ‘கேரி ஓவர்’ என்று பெயர். இது எவ்வளவு ஆபத்து என்று ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். மஞ்சள் காமாலை முற்றிய ஒருவருக்கு ஏஎல்டி என்ற கல்லீரல் நொதி 5000 இருக்கிறது. அடுத்து வருபவர் நல்ல ஆரோக்கியம், உண்மையான அளவு 20. முன்னவரின் சீரம் ஒரே ஒரு சதவீதம் ஒட்டிக்கொண்டு வந்தாலும் இவருடைய ரிப்போர்ட்டில் ஏறத்தாழ 70 என்று விழும். அவருக்கு இல்லாத கல்லீரல் நோயைத் தேடி அலைச்சல் தொடங்கும்.

ஸ்கெக்ஸின் தீர்வு: ஓடும் திரவத்துக்குள் சீரான இடைவெளியில் காற்றை விடுவது. குழாயின் அகலம் முழுவதையும் அடைத்துக்கொண்டு குமிழிகள் நகரும். ஒவ்வொரு குமிழியும் தனக்கு முன்னால் இருக்கும் சுவரைத் துடைத்துக்கொண்டு போகும். இரு குமிழிகளுக்கு நடுவே சிக்கிய சிறு திரவத்துண்டு தனக்குள்ளேயே சுழன்று நன்றாகக் கலக்கவும் செய்யும். ஒரே ஏற்பாட்டில் பிரிப்பதும் நடந்தது, கலக்குவதும் நடந்தது. ஒரு நோயாளியின் மாதிரிக்கும் அடுத்ததற்கும் நடுவே கழுவுநீர் வேறு ஓடும். நிறத்தைப் படிக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் குமிழிகளை வெளியேற்றிவிடுவார்கள்.

இந்த எந்திரத்தின் மற்ற உறுப்புகளும் ரசிக்கத்தக்கவை. பம்ப்பில் பல பிளாஸ்டிக் குழாய்கள் பக்கம் பக்கமாகப் படுத்திருக்கும். உருளைகள் எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் நசுக்கிக்கொண்டே நகரும். சீரத்துக்கு மெல்லிய குழாய், ரீஏஜென்ட்டுக்கு அகலமான குழாய் என்று வைத்துவிட்டால் போதும், கலவை விகிதம் தானே சரியாக அமைந்துவிடும். பிப்பெட் வேண்டாம். வடிகட்டும் வேலைக்கு ஒரு செல்லோபேன் சவ்வு: சர்க்கரை, யூரியா போன்ற சின்ன மூலக்கூறுகள் அதைத் தாண்டி மறுபக்கக் கரைசலுக்குப் போகும், பெரிய புரதங்கள் இந்தப் பக்கமே நின்றுவிடும். செயற்கைச் சிறுநீரகக் கருவியிலும் இதே வேலைதான் நடக்கிறது. ஸ்கெக்ஸ் ஏற்கெனவே அப்படி ஒரு கருவியை வடிவமைத்தவர், அதனால் இந்த யோசனை அவருக்குக் கைவந்த கலை. பிறகு சூடான தொட்டியில் சுருண்டு கிடக்கும் கண்ணாடிக் குழாய். அதைத் தாண்டினால் நிறமானி, அதன் பக்கத்தில் ஓடும் காகிதத்தில் பேனா. ஒவ்வொரு நோயாளிக்கும் காகிதத்தில் ஒரு சிகரம் எழும். தரக்கரைசல்களின் சிகரங்களோடு அதன் உயரத்தை ஒப்பிட்டு டெக்னீசியன் எண்ணை எழுதிக்கொள்வார்.

குமிழியை விடவும் எனக்கு அதிகம் பிடித்தது இன்னொரு துணிச்சல். அதுவரை வேதியியலில் வினை முழுமையாக முடிந்த பிறகுதான் அளக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். ஓடும் குழாயில் அதற்கெல்லாம் நேரமில்லை. சவ்வைத் தாண்டுவதும் மொத்தச் சர்க்கரையில் ஒரு பகுதிதான். ஸ்கெக்ஸ் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பரீட்சையில் எல்லோரிடமும் ஒரு மணி நேரத்திலேயே விடைத்தாளைப் பிடுங்கிவிட்டால் யாரும் முடித்திருக்க மாட்டார்கள், ஆனாலும் யார் யாரைவிட எவ்வளவு எழுதினார்கள் என்று ஒப்பிடலாம் அல்லவா? அதே போலத்தான். தரக்கரைசலும் நோயாளியின் சீரமும் அதே குழாய், அதே சூடு, அதே நேரம் என்று கடந்து வருவதால் பாதியில் அளந்தாலும் ஒப்பீடு சரியாக வரும். முழுமை தேவையில்லை, ஒரே மாதிரியான நடத்தை போதும். தானியங்கி எந்திரத்தின் அடித்தளக் கருத்து என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

பல கம்பெனிகள் இதை வேண்டாம் என்று ஒதுக்கின. கடைசியில் எட்வின் வைட்ஹெட் நடத்திய டெக்னிகான் என்ற நியூயார்க் கம்பெனி உரிமையை வாங்கி, சில ஆண்டுகள் செப்பனிட்டு, 1957-இல் ‘ஆட்டோ அனலைசர்’ என்ற பெயரில் வெளியிட்டது. ஒரு வட்டத் தட்டில் 40 சின்னக் கப்புகள். யூரியா, சர்க்கரை போன்றவற்றை மணிக்கு 40 மாதிரி வரை அளந்தது. அந்தப் பிராண்டுப் பெயர்தான் இன்று நம் ஊர் லேப்களில் எந்தக் கம்பெனி எந்திரத்துக்கும் பொதுப்பெயராகிவிட்டது. இதில் வைட்ஹெட் பெரும் செல்வந்தரானார். 1980-இல் கம்பெனியை, உதட்டுச் சாயத்துக்குப் பெயர்போன ரெவ்லான் நிறுவனத்துக்கு விற்றார். பிறகு அவர் பணத்தில் உருவான வைட்ஹெட் ஆய்வு நிறுவனம் மனித மரபணு வரிசையைப் படிக்கும் திட்டத்தில் பெரும்பங்கு ஆற்றியது. ஸ்கெக்ஸுக்கு இன்னொரு முகமும் உண்டு: ரத்த அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சினுக்கு இரண்டு வடிவங்கள் இருப்பதையும், ஒன்றை மற்றொன்றாக மாற்றும் நொதி இருப்பதையும் 1950களில் கண்டுபிடித்தவர்களில் அவரும் ஒருவர். எனலாபிரில், ராமிபிரில் மாத்திரைகள் தடுப்பது அந்த நொதியைத்தான்.

கேட்காமலே வந்த எண்கள்

ஒரு குழாய்வழியில் ஒரு சோதனை என்றால், பன்னிரண்டு குழாய்வழிகளைச் சேர்த்தால்? 1960களின் பிற்பகுதியில் டெக்னிகான் அதைச் செய்தது. ஒரு மாதிரிக்கு 12 சோதனை, மணிக்கு 60 மாதிரி. முடிவுகள் நீண்ட காகிதத்தில் கோடாக வரும். இயல்பான எல்லை நிழலிட்டுக் காட்டப்பட்டிருக்கும். 1970களில் கம்ப்யூட்டரோடு வந்த அடுத்த எந்திரம் 20 சோதனை, மணிக்கு 150 மாதிரி என்று ஓடியது.

இங்கே ஒரு வேடிக்கை. மருத்துவர் சர்க்கரை மட்டும் கேட்டாலும் பன்னிரண்டும் ஓடும். ஒன்றை நிறுத்துவதைவிட எல்லாவற்றையும் ஓடவிடுவதே எளிது. ‘ப்ரொஃபைல்’, ‘பேக்கேஜ்’ என்று இன்று விற்கப்படுகிற பழக்கத்தின் வேர் இந்த எந்திரத்தின் அமைப்பில் இருக்கிறது.

இயல்பான எல்லை என்பது ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும் எல்லை. அதாவது எந்த நோயும் இல்லாதவருக்கும் ஒரு சோதனையில் எல்லை தாண்ட 5 சதவீத வாய்ப்பு உண்டு. ஒன்றோடொன்று தொடர்பில்லாத 12 சோதனைகள் செய்தால் குறைந்தது ஒன்றாவது தாண்டும் வாய்ப்பு 46 சதவீதம். 20 செய்தால் 64 சதவீதம். ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் ஓர் எண்ணைப் பார்த்துத் தூக்கம் கெடுகிறவர்கள் இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் கேட்காமல் வந்த எண்ணெல்லாம் வீண் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் ரோச்செஸ்டர் நகரில் 1974-இல் கால்சியம் அளப்பது வழக்கமான பட்டியலில் சேர்ந்தது. அதற்குப் பிறகு பாராதைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரக்கும் நோய் அங்கே பல மடங்கு அதிகமாகக் கண்டறியப்பட்டது. திடீரென நோய் பரவிவிடவில்லை. அறிகுறி இல்லாமல் இருந்தவர்களை எந்திரம் காட்டிக்கொடுத்தது.

ஆளுக்கொரு கிண்ணம்

குழாயில் ஓடும் முறைக்கு மாற்றாக, ஒவ்வொரு சோதனைக்கும் தனிக் கிண்ணம் என்ற யோசனை கூடவே வளர்ந்தது. டூபாண்ட் கம்பெனி 1970-இல் கொண்டுவந்த எந்திரத்தில் ஒவ்வொரு சோதனையும் ஒரு பிளாஸ்டிக் பை. ரீஏஜென்ட்கள் பைக்குள்ளேயே தனித்தனி அறைகளில் இருக்கும். சீரத்தை உள்ளே செலுத்திவிட்டு எந்திரம் பையை நசுக்க, அறைகள் உடைந்து கலக்கும். அதே பையை அழுத்தி ஒளி கடக்கும் பாத்திரமாகவும் ஆக்கிவிடும். கலப்புக்கே இடமில்லை, நடு ராத்திரியில் வரும் ஒற்றை அவசர மாதிரிக்கும் உடனே சோதிக்கலாம். பைகளின் விலைதான் அதிகம்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள ஓக் ரிட்ஜ், அணுகுண்டுக்கு யுரேனியம் செறிவூட்டிய ஊர். அங்குள்ள ஆய்வகத்தில் நார்மன் ஆண்டர்சன் 1960களின் கடைசியில் சுழலும் வட்டைக் கொண்டு ஒரு வழி கண்டார். வட்டு நிற்கும்போது சீரமும் ரீஏஜென்ட்டும் தனித்தனிக் குழிகளில் இருக்கும். சுழல ஆரம்பித்ததும் எல்லாக் குழிகளிலிருந்தும் திரவம் விளிம்புக்கு வீசப்பட்டு ஒரே கணத்தில் கலக்கும். கோடாக் கம்பெனி தன் புகைப்படச் சுருள் நுட்பத்தை வைத்து, அடுக்கடுக்காக ரீஏஜென்ட் பூசிய உலர்ந்த வில்லையில் ஒரு துளி சீரத்தை விட்டு நிறத்தைப் படித்தது.

கடைசியில் நிலைத்தது, 1980களில் ஹிட்டாச்சி போன்ற ஜப்பானியக் கம்பெனிகள் செம்மைப்படுத்திய வடிவம். இன்று பெரிய லேபில் கண்ணாடி மூடி வழியாக எட்டிப் பார்த்தால் தெரிவது அதுதான்: க்யூவெட் எனப்படும், ஒளி கடக்கும் சின்னஞ்சிறு கிண்ணங்கள் வட்டமாக அடுக்கிச் சுற்றிக்கொண்டிருக்கும், ஊசி போன்ற ப்ரோப் சீரத்தில் இறங்கி எழுந்து வந்து ஒன்றில் விடும், இன்னொன்று ரீஏஜென்ட் விடும், ஒரு கலக்கி சுழலும். வட்டம் சுற்றச் சுற்ற ஒவ்வொரு க்யூவெட்டும் விளக்கின் முன் சில நொடிக்கொரு முறை வந்து போகும். அதனால் கடைசி நிறம் மட்டுமல்ல, நிறம் மாறும் வேகமும் தெரியும். கல்லீரல் நொதிகளை அளக்க அந்த வேகம்தான் தேவை. யாருக்கு எது கேட்டார்களோ அது மட்டும் ஓடும்.

குமிழி போய்விட்டது, கலப்புக் கவலை போகவில்லை. அது ப்ரோப்புக்கும் க்யூவெட்டுக்கும் இடம் மாறியிருக்கிறது. ப்ரோப் திரவத்தின் மேற்பரப்பைத் தொட்டதும் மின்சாரமுறையில் உணர்ந்து, இம்மியளவு மட்டும் உள்ளே போய் நின்றுவிடும். ஆழமாக முங்கினால் வெளிப்புறமெல்லாம் சீரம் ஒட்டுமே. ஒவ்வொரு முறையும் உள்ளும் புறமும் கழுவிக்கொள்ளும். க்யூவெட்டுகளும் சோப்புக் கரைசலாலும் தூய நீராலும் கழுவப்பட்டு மறுபடி பயன்படும். உறைகட்டி ஊசியை அடைத்தால் அழுத்தம் மாறுவதை உணர்ந்து எச்சரிக்கும்.

எந்திரங்களை இணைக்கும் வேலையை ஜப்பானின் கோச்சி மருத்துவக் கல்லூரியில் மசாஹிடே சசாகி 1980களில் தொடங்கினார். மாதிரிக் குழாய்கள் கன்வேயர் பெல்ட்டில் ஓர் எந்திரத்திலிருந்து அடுத்ததற்குத் தானே போயின. அதன் வழித்தோன்றல்களை இன்று பெரிய நகரங்களின் மைய லேப்களில் பார்க்கலாம்.

எந்திரமும் தவறும்

கை தவறினால் ஒருவருக்குத் தவறும். எந்திரம் தவறினால் அன்று காலை வந்த எல்லோருக்கும் ஒரே அளவில் தவறும், அதுவும் வெகு ஒழுங்காக. அதனால்தான் நோயாளிகளின் மாதிரிக்கு முன்னால், அளவு ஏற்கெனவே தெரிந்த ‘கன்ட்ரோல்’ சீரத்தை ஓடவிடுகிறார்கள். தினசரி முடிவை ஒரு வரைபடத்தில் புள்ளியாக வைக்கும் முறையை 1950-இல் லெவியும் ஜென்னிங்ஸும் தொழிற்சாலைகளிலிருந்து லேபுக்குக் கொண்டுவந்தார்கள். எந்தப் புள்ளி விலகினால் எந்திரத்தை நிறுத்த வேண்டும் என்பதற்கு 1981-இல் ஜேம்ஸ் வெஸ்ட்கார்ட் விதிகள் வகுத்தார். நல்ல லேபுக்கும் சுமாரான லேபுக்கும் உள்ள வித்தியாசம் எந்திரத்தின் விலையில் இருப்பதாக நான் நினைக்கவில்லை. அந்த வரைபடத்தைத் தினமும் யாராவது பார்க்கிறார்களா என்பதில் இருக்கிறது.

கன்ட்ரோல் சரியாக வந்தாலும் பிடிபடாத பிழை ஒன்று உண்டு: எந்திரத்துக்கு வருவதற்கு முன்பே கெட்டுவிட்ட ரத்தம். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க இடிடிஏ என்ற உப்பு பூசியிருப்பார்கள். அது பொட்டாசியம் உப்பு. கால்சியத்தைக் கவ்விப் பிடிப்பதே அதன் வேலை. சீரத்துக்கான மஞ்சள் மூடிக் குழாயில் ரத்தம் போதவில்லை என்று யாராவது ஊதாக் குழாயிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்பினால் என்ன ஆகும்? எந்திரம் குறையில்லாமல் அளக்கும். பொட்டாசியம் 12, கால்சியம் 3 என்று எண் வரும். பொட்டாசியம் 12 உள்ளவர் ரிப்போர்ட் வாங்க வரிசையில் நின்றுகொண்டிருக்க முடியாது. இதயம் எப்போதோ நின்றிருக்கும். ஒரே ரிப்போர்ட்டில் பொட்டாசியம் எகிறி, கால்சியம் சரிந்திருப்பதைப் பார்த்ததும் அனுபவமுள்ள டெக்னீசியனுக்கு ஊதா மூடி நினைவுக்கு வந்துவிடும். ‘சாம்பிள் சரியில்லை, இன்னொரு தடவை ரத்தம் எடுக்கணும்’ என்று லேபிலிருந்து போன் வருவது பெரும்பாலும் இந்த மாதிரிக் காரணங்களால்தான். எரிச்சல்படாமல் போய்க் கையை நீட்டிவிடுங்கள். இந்த முறை மஞ்சள் மூடியை முதலில் நிரப்பி, அதற்குப் பிறகு ஊதாவை நிரப்புவார்கள்.